சாவி கேட்காத டிரைவர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். வருவது உண்மைதான். வந்த வேகத்தில் இறங்கியும்விடும். ஆனால் என் மாமியார் விஷயத்தில் வந்த கோபம் இன்றுவரை இறங்கவில்லை. "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். சரியானதால்தான் கோபம். இவ்வளவு சுலபமாகச் சரியாகக்கூடிய ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியை இரண்டு வருஷம் வதைத்தார்களே!

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை டவுன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயர் தாலாட்டு. அவர் பிரேக் போட்டால் போட்டது தெரியாது. வேலை முடிந்து களைத்து ஏறியவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டு, கடைசி நிறுத்தத்தில் விழித்துக்கொண்டு அவரிடமே சண்டைக்கு வருவார்களாம். "நல்லா ஓட்டினதுக்குத் திட்டு வாங்கினவ இந்த டிப்போவுலயே நான் ஒருத்திதான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஓய்வுக்குப் பிறகும் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளுக்கெல்லாம் மார்க் போடுவார். "கிளட்ச்ச மிதிச்சே கொல்றான் பாரு, படுபாவி" என்று யாரோ ஒரு லாரிக்காரனைத் திட்டாமல் அவருக்குப் பொழுது விடியாது.

அத்தைக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அவர் ஓட்டிய வழித்தடத்தின் கடைசி நிறுத்தம் ஒரு பெரிய மண் மைதானம். ஒரு கோடியில் டைம் கீப்பர் அறை. மறுகோடியில் கழிப்பறை. ஆண்களுடையது எப்போதும் திறந்து கிடக்கும். பெண்களுடையது பூட்டியிருக்கும். கண்டவர்களும் உள்ளே போய் அசுத்தம் செய்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். ஆண்கள் பக்கம் எந்த அழகில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. சாவி டைம் கீப்பரின் தலைக்கு மேல் ஆணியில் தொங்கும். தொலைந்துவிடக் கூடாதென்று அதில் முழங்கை நீளத்துக்கு ஒரு மரக்கட்டையைக் கட்டிவைத்திருந்தார்கள். தேவைப்படுகிறவள் அந்த அறைக்குள் போய், டீ குடித்துக்கொண்டிருக்கும் ஆண்களுக்கு நடுவே நின்று சாவி கேட்க வேண்டும். பிறகு அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானம் முழுவதையும் கடக்க வேண்டும். "கிளம்பிட்டாங்கப்பா" என்று ஒருத்தன் குரல் கொடுப்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். திரும்பி வரும்போது இன்னொரு முறை சிரிப்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இன்னொரு பெண் டிரைவர் அப்படிக் கட்டையோடு நடந்ததை அத்தை பார்த்தார். செத்தாலும் சாவி கேட்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். காலையில் அரை டம்ளர் தண்ணீரோடு சரி. வழியில் தொண்டை வறண்டால் வாயை நனைத்துத் துப்புவார், விழுங்கமாட்டார். வயிற்றைக் கட்டும் மாத்திரை டிப்போவில் எல்லா டிரைவர்களின் சட்டைப்பையிலும் இருக்கும். நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஓட முடியாதல்லவா. மற்றவர்கள் வயிறு கலங்கினால் போட்டுக்கொண்டார்கள். அத்தை கலங்கவே கூடாது என்று போட்டுக்கொண்டார். தலை வாரி, காக்கிச் சட்டை மாட்டி, ஒரு மாத்திரை. அதற்குப் பிறகுதான் செருப்பு.

"சர்வீஸ்ல சேந்ததுலேர்ந்து ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்தச் சாவிய நான் தொட்டதே இல்லம்மா" என்று என் கல்யாணம் முடிந்த வாரமே என்னிடம் சொன்னார். மெடல் வாங்கியவர்போலச் சொன்னார். நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வழக்கம் விடவில்லை. கடைத்தெருவுக்குக் கிளம்பினாலும் மாத்திரை, கல்யாண வீட்டுக்குக் கிளம்பினாலும் மாத்திரை.

தொல்லை ஆரம்பித்தபோது எங்கள் யாருக்கும் தெரியாது. விடியற்காலையில் குளியலறையில் குழாய்ச் சத்தம் கேட்கும். அத்தை தன் துணியைத் தானே ரகசியமாகத் துவைத்துக்கொண்டிருந்தார். வயிற்றுப்போக்கு. நிற்காத வயிற்றுப்போக்கு. உட்கார்ந்த இடத்தில், நடக்கும்போது, தும்மினால்கூடக் கசிந்தது. அவர் சொன்னதல்ல, கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்து நான் கண்டுபிடித்தது.

தெருமுனை டாக்டரிடம் போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். எத்தனை தடவை போகிறது என்று கேட்டார், மாத்திரை எழுதினார், மணியை அடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். அந்த மாத்திரைக்குக் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்று நிபுணர் ஒருவரைப் பார்த்தோம். இரத்தம் எடுத்தார்கள், மலம் எடுத்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். நிபுணர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "வயசானா குடல் தளர்ந்துடும். மனசுல ஏதாவது கவலை இருக்கா?" என்றார். அத்தை என்னைப் பார்த்தார். அப்போது அவருக்கிருந்த ஒரே கவலை ஆஸ்பத்திரி நாற்காலி நனைந்துவிடுமோ என்பதுதான். மூன்றாவது டாக்டர் இன்னும் வீரியமான கட்டும் மாத்திரையும், ஆள் வெளுத்திருக்கிறாரே என்று இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். கசிவு கூடியதே தவிரக் குறையவில்லை.

நான் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு ஜோடி செருப்பு விற்பதற்குக்கூட முன்பின் தெரியாதவர் காலைப் பிடித்து, கட்டைவிரல் எங்கே முட்டுகிறது என்று அமுக்கிப் பார்த்துத்தான் கொடுப்பேன். மூன்று டாக்டர்கள், இரண்டு வருஷம். ஒருவர்கூட அந்த வயிற்றில் ஒரு விரல் வைக்கவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டில் நடந்தது அதைவிட மோசம். அத்தையின் மகள், அதாவது என் நாத்தனார், போனிலேயே வைத்தியம் பார்த்தார். "கீரை குடுக்காத. பழம் குடுக்காத. தண்ணி ஜாஸ்தி குடுத்துடாத, அதான் அப்படியே போகுது." குழைந்த சோறும் ரொட்டியுமாக அத்தையின் தட்டு வெளுத்துப்போனது. ஒரு நாள் நாத்தனார் நேரில் வந்தார். வரும்போதே கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. "அம்மா இனிமே இதுல உக்காரட்டும், சோபா பாழாகுது." அத்தை நாற்காலியைப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஜன்னல் கிடையாது. கழிப்பறை பக்கத்தில் இருந்ததால் அந்த அறைதான் வசதி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எந்த வண்டிக்கும் அவர் மார்க் போடவில்லை.

பிறகு என் வீட்டுக்காரர் முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல், மின்விசிறியைப் பார்த்துப் பேசினார்.

"நல்ல இடமாம். நர்ஸ் எல்லாம் இருக்காங்க. அக்காவும் சரின்னுட்டா."

"அக்கா சரின்னா ஆச்சா? அத்தைகிட்ட கேட்டீங்களா?"

"அம்மாவுக்கே கஷ்டமா இருக்கு. நம்மளால முடியல. எனக்கு மட்டும் ஆசையா?"

"நம்மளாலயா? துவைக்கிறது நான். நீங்க என்ன பண்ணீங்க, மூக்கப் பிடிச்சதத் தவிர?"

குரல் உயர்ந்துவிட்டது. பின்னறைக் கதவு திறந்தது. அத்தை அங்கேயே நின்று, "சண்ட போடாதீங்க. நான் போறேன்" என்றார். இரண்டு ஆளைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி இருந்த மனுஷி. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் உப்பியிருந்தது. அந்த வயிற்றை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

இல்லத்தில் சேர்க்க வேண்டுமானால் அவர்களுடைய டாக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்கள். "என்னால அத பாக்க முடியாது" என்று வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொண்டார். நான் லீவு போட்டுவிட்டு அழைத்துப் போனேன். டாக்சியில் ஏறுவதற்கு முன் அத்தை பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, நான்காக மடித்து, இருக்கையில் தானே விரித்துக்கொண்டார். முன்னெச்சரிக்கையாக இரண்டு மாத்திரையும் போட்டிருந்தார். ஊரையே சுமந்து ஓட்டியவர் ஒரு டாக்சிக்காரனுக்குப் பயந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது.

அந்த டாக்டர் குள்ளமாக, சிடுசிடுவென்று இருந்தார். கோபத்தில் எனக்கு அண்ணன்.

"என்ன பண்ணுது?"

"ரெண்டு வருஷமா லூஸ் மோஷன் டாக்டர்" என்றேன்.

"நீங்க இருங்க. அவங்க வயித்துக்கு அவங்க பதில் சொல்லட்டும்." அத்தையின் பக்கம் திரும்பினார். "வருதுன்னு தெரிஞ்சு போறீங்களா, இல்ல தெரியாமலே கசியுதா?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. அத்தை தரையைப் பார்த்தபடி, "தெரியாமலே" என்றார்.

"கெட்டியா, நல்லபடியா கடைசியா எப்ப போச்சு?"

அத்தை யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

"ஏறிப் படுங்கம்மா."

வயிற்றில் கை வைத்தார். வலப்பக்கம் தொடங்கி மெல்ல அமுக்கிக்கொண்டு வந்த கை, இடப்பக்க அடிவயிற்றில் நின்றது. அத்தையிடம் கேட்டுக்கொண்டு என்னையும் அழைத்து, "இங்க தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். காய்ந்த களிமண்போலக் கெட்டியாக, ஒரு சாண் நீளத்துக்கு ஏதோ உள்ளே கிடந்தது. நர்ஸைக் கூப்பிட்டு, திரையை இழுத்து, கையுறை போட்டு உள்ளேயும் சோதித்தார். வெளியே வந்து கையைக் கழுவினார். கழுவியதைப் பார்த்தால் குழாயைப் பிடுங்கிவிடுவார்போல இருந்தது.

"இது பேதி இல்லம்மா. மலச்சிக்கல்."

இவருக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று நினைத்தேன். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார், கோபம் எங்கள் மேல் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. கீழே மலம் இறுகி அடைத்துக்கொண்டிருக்கிறது. மேலிருந்து வருகிற நீர் மட்டும் அதன் ஓரமாக வழிந்து கசிகிறது. பார்க்கிறவர்களுக்கு அது வயிற்றுப்போக்காகத் தெரிகிறது. போக்கை நிறுத்த மாத்திரை கொடுக்கக் கொடுக்க உள்ளே இன்னும் இறுகுகிறது.

எனக்குப் புரிவதற்குள் அத்தைக்குப் புரிந்துவிட்டது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். "நடுரோட்டுல லாரி கவுந்து கிடக்கு. பைக்குக்காரன் மட்டும் ஓரமா நுழைஞ்சு போறான். அதப் பாத்துட்டு வண்டி ஓடுதுன்னு சொல்லிட்டாங்க. அதான டாக்டர்?"

"அதேதான். இதுக்கு முன்னாடி யாராவது உங்க வயித்துல கை வெச்சுப் பாத்தாங்களா?"

"இல்ல."

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். என்னென்ன மாத்திரை என்று கேட்டார். கட்டும் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் அன்றோடு நிறுத்தச் சொன்னார். எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டார். அரை டம்ளர் என்று அத்தை சொன்னதும், எப்போதிலிருந்து என்றார். அத்தைக்குப் பழைய தெம்பு கொஞ்சம் திரும்பியது. முதுகை நிமிர்த்தி, மைதானத்தையும் மரக்கட்டையையும் பற்றிச் சொன்னார். "ஒரு நாள் கூட அந்தச் சாவிய நான் தொட்டதில்ல டாக்டர்."

இந்தப் பெருமையைக் கேட்ட எல்லோரும் அதுவரை ஆச்சரியப்பட்டுத்தான் பார்த்திருக்கிறேன். டாக்டர் ஆச்சரியப்படவில்லை. "பஸ்ஸ ஓட்ட விட்டாங்க. போக வேண்டிய இடத்துக்குப் போக விடல" என்றார். அத்தையின் முதுகு மெல்ல வளைந்தது.

இந்த வயதில் இப்படி அடைத்தால் வேறு எதுவும் இல்லையென்று உறுதி செய்ய வேண்டும் என்றார் டாக்டர். முதலில் எனிமா கொடுத்துச் சுத்தம் செய்வது, பிறகு கேமரா விட்டுப் பார்ப்பது, தைராய்டும் பார்ப்பது. இல்லத்தின் காகிதத்தை எடுத்து என் கையிலேயே திணித்தார். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். இவங்களுக்கு வேண்டியது இல்லம் இல்ல."

திரும்பும்போது டாக்சியில் அத்தை மறுபடியும் துண்டை விரித்து உட்கார்ந்தார். பிறகு, "நானே பூட்டிக்கிட்டேன்மா" என்றார். "அவனுங்க கக்கூஸத்தான் பூட்டினானுங்க. நான் என்னையே பூட்டிக்கிட்டேன்."

"வாய மூடுங்க அத்தை" என்று கத்திவிட்டேன். டாக்சிக்காரர் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கட்டையக் கட்டினவன் ராத்திரி நிம்மதியாத் தூங்குறான். மூணு டாக்டரும் ஏசியில உக்காந்திருக்காங்க. நீங்க மட்டும் உங்களத் திட்டிக்கிறீங்க. நல்லா இருக்கே கத!" அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்த கை, வலிக்கத்தான் வலித்தது.

சிகிச்சை அழகாக ஒன்றும் இல்லை. சில நாள் வார்டில் கிடந்தார். வலித்தது, கூசியது, இரண்டு முறை என்னை வெளியே போகச் சொன்னார், நான் போகவில்லை. பிறகு தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடி, கீரை, பழம், குடம் குடமாகத் தண்ணீர். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, வந்தாலும் வராவிட்டாலும், காலடியில் ஒரு முக்காலி வைத்து நிதானமாக உட்காரும் பழக்கம். வாழ்நாள் முழுக்க அடக்கப் பழகிய உடம்புக்கு விடப் பழகச் சில மாதம் பிடித்தது. நடுவில் ஒருமுறை மறுபடி அடைத்துக்கொண்டது, மறுபடி போனோம். கேமராவில் கட்டி எதுவும் தெரியவில்லை. தைராய்டும் சரியாக இருந்தது. கசிவு குறைந்து குறைந்து, ஒரு நாள் கொடியில் அத்தையின் துணி ஒன்றே ஒன்று காய்ந்தது.

வீட்டுக்காரர், "அப்போ அத்தன டாக்டரும் முட்டாளா?" என்று என்னிடமே கேட்டார். "முட்டாளா இருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். சோம்பேறிங்க. நீங்களும்தான்" என்றேன். அன்று மாலை அவர் இல்லத்துக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னார். எதிர்முனையில் காரணம் கேட்டார்கள்போல. மனுஷன் போனை என் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார். அடுத்த முறை நாத்தனார் வந்தபோது அத்தை சோபாவின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தார். "உனக்கு அந்த பிளாஸ்டிக் நாற்காலிய எடுத்துப் போட்டிருக்கேன், உக்காரு" என்றார்.

அத்தையின் பழைய பஸ் பாஸ் காலாவதியாகிக் கிடந்தது. இரண்டு வருஷமாக அவர் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. அதைப் புதுப்பிக்க அந்தக் கடைசி நிறுத்தத்துக்குத்தான் போக வேண்டும். இருவரும் போனோம். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, பழக்கத்தில் அலமாரியைப் பார்த்தார். மாத்திரை அங்கே இல்லை. நான்தான் எடுத்துக் குப்பையில் போட்டிருந்தேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

மைதானம் அப்படியே இருந்தது. டைம் கீப்பர் புது ஆள். அவர் தலைக்கு மேல் அதே ஆணி, கை பட்டுப் பட்டு வழவழப்பான அதே கட்டை. மூலையில் காக்கிச் சட்டையோடு ஒரு பெண் டிரைவர் நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த பாட்டிலிலிருந்து ஒரு வாய் எடுத்து, கொப்பளித்து, வாசலில் துப்பினாள். அத்தை அவளையே பார்த்தார். பாஸில் முத்திரை குத்தி வாங்கிப் பைக்குள் வைத்தார். பிறகு, டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"தம்பி, அந்தச் சாவியக் குடு."

கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அத்தை நின்று, முழு உடம்பையும் திருப்பி, சிரித்தவனைப் பார்த்தார். அவன் டீயைக் குடிக்க ஆரம்பித்தான். அத்தை அவசரப்படவில்லை. அவர் வண்டி ஓட்டியதுபோலவே, குலுங்காமல், மைதானத்தின் நடுவே நடந்து போனார். பூட்டைத் திறந்தார், உள்ளே போனார். நான் வெளியே காவல் நின்றேன். யாரும் வரவில்லை என்றாலும் நின்றேன்.

வெளியே வந்தவர் கதவைப் பூட்டவில்லை. பூட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டார். சாவியைப் போட்டார். கட்டை உள்ளே போகாமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அப்படியே கிளம்பத் தயாராக நின்ற பஸ்ஸை நோக்கி நடந்தார்.

டைம் கீப்பர் அறை வாசலுக்கு ஓடி வந்தார். "அம்மா, சாவி! சாவியக் குடுத்துட்டுப் போங்க!"

"பூட்டே இல்லியேப்பா, சாவி எதுக்கு?" என்றார் அத்தை, திரும்பாமலே.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தோம். அந்தக் காக்கிச் சட்டைப் பெண்தான் வண்டியை எடுக்க ஏறினாள். பையில் நீட்டிக்கொண்டிருந்த கட்டையைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். பிறகு இறங்கி மைதானத்தின் மறுகோடிக்கு நடந்தாள். பஸ் கிளம்பத் தாமதமானது, ஒருவர் முணுமுணுத்தார். "சும்மா இருய்யா, வருவா" என்றார் அத்தை. பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.